பண்ணையா, தொய்யலா, குப்பையா: மழைக்கீரைல எதை முதல்ல பறிக்கிறது?

ஐப்பசில ரெண்டு உழவு மழை பேஞ்சா போதும், எங்க காங்கேயம் பக்கம் மேட்டாங்காட்டுல யாரும் விதைக்காமலே கீரை மொளைச்சு நிக்கும். டவுன்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்வி, "இதுல எதுங்க திங்கலாம், எது நல்லாருக்கும்?" அதுக்குத்தான் இது. மூணுமே ஒரே குடும்பம்தான், தண்டங்கீரைக்குப் பங்காளிங்க, ஆனா சட்டிக்குள்ள போனா மூணும் மூணு குணம்.

பண்ணைக்கீரைய அடையாளம் கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈசி, ஆனா அடையாளம் நல்லாத் தெரியறப்போ லேட் ஆயிருக்கும், அதான் சிக்கல். மெழுகுவர்த்தி மாதிரி நட்டுக்குத்தலா ஒரு பூ, அடில வெள்ளி கலரு, நுனில ரோஸ், அதைப் பாத்துட்டுத்தான் எல்லாரும் பறிக்கப் போறாங்க, அப்போ தண்டு நாராயிரும், இலைல கசப்பு ஏறிரும். நானே மொத வருசம் பூவோட ஒரு மடி பறிச்சுட்டு வந்து நிக்க, அம்மாயி ஒரு தண்ட ஒடிச்சுப் பாத்துட்டு "இதை மாட்டுக்குப் போடு சாமி"ன்னு சொல்லிட்டாங்க. முழங்கால் உசரத்துக்குக் கீழ, ஒடிச்சா பட்டுனு ஒடியணும், நார் இழுத்தா விட்டுருங்க. நைஜீரியாவுல இதையே தோட்டத்துல பயிர் பண்ணி சந்தைல விக்கறாங்க, நாம களைன்னு புடுங்கிப் போடறோம்.

ருசின்னா என் ஓட்டு இதுக்குத்தான். சின்ன வெங்காயம், பூண்டு, பச்சமிளகா, சீரகம், ஒரு தக்காளி போட்டு வேகவச்சு, வெந்த தண்ணிய வடிச்சுட்டு (கருகருன்னு இருக்கும், பயப்பட வேணாம்) மண்சட்டில மத்தால கடைஞ்சா லேசா ஒரு கசப்போட வழவழன்னு வரும், ராகிக்களில குழி பண்ணி ஊத்தித் தின்னா வேற கொழம்பே வேணாம். மிக்ஸில மட்டும் போட்றாதீங்க, பசை மாதிரி ஆயிரும்.

தொய்யக்கீரை இதுக்கு நேர் எதிர். கசப்பே கிடையாது, பசங்க சத்தமில்லாம திம்பாங்க. சோளக்காடு, கடலைக்காட்டுல நிறைய வரும், இலைக்குக் காம்பு நீளமா மெலிசா இருக்கும், நுனி கூரா இருக்கும், ஈர்க்குச்சி மாதிரி ஒரு தண்டுல பொடிப்பொடியா ரோஸ் பூ. நுனிக்கொழுந்தாக் கிள்ளுனா பூ விட்டப்புறமும் வெந்துரும், அதனால பண்ணைய விட இது ரெண்டு மூணு வாரம் கூடுதலாக் கிடைக்கும். பாசிப்பருப்பு போட்டு பொரியல், கடைசில தேங்காப்பூ. ஒரே குறை, ஒரு கூடை பறிச்சா வெந்தப்புறம் ஒரு கிண்ணம்தான் மிஞ்சும்.

குப்பைக்கீரை வருசம் பூராக் கிடைக்கும், ருசி ஏறக்குறைய அரைக்கீரைதான். இலை நுனில சின்னதா ஒரு வெட்டு இருக்கும், கணுல முள்ளு இருந்தா அது முள்ளுக்கீரை. பேரு ஒரே மாதிரி இருக்கறதால சிலபேரு குப்பைமேனிய அள்ளிட்டு வந்துருவாங்க, அது இலை ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், பூனைங்க அதோட வேரைத் தேடித் தோண்டும், அது மருந்துக்கு, கடைசலுக்கு இல்ல. குப்பைக்கீரைல எனக்குப் பிரச்சினை செடி இல்ல, இடம்தான். சாக்கடை ஓரம், ரோட்டோரம், பழைய குப்பைமேடு, அங்க என்ன கலந்துருக்குன்னு யாருக்குத் தெரியும்?

இடம்னு சொன்னதும் இன்னொன்னு, இப்பல்லாம் பாம்ப விட எனக்குப் பயம் களைக்கொல்லிதான். நேத்து மருந்து அடிச்ச காட்டுல கீரை இன்னைக்கும் பச்சப்பசேல்னுதான் நிக்கும், வாட நாளாகும், அதனால காட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம கை வைக்காதீங்க. மாடு மட்டும் மேயற கொரங்காடுன்னா ஓரளவு நம்பிப் பறிக்கலாம். அப்புறம் கிட்னில கல்லு இருக்கறவங்க இந்த மூணையுமே அளவா வச்சுக்கங்க, ஆக்ஸலேட் இருக்கு, வடிச்சா கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான்.

"கீரைய விடுங்க, புத்துக்காளான் பறிக்கப் போலாமா"ன்னு கேப்பாங்க. ருசில அது கறிக்குச் சமம்தான், கரையான் அதை மண்ணுக்குள்ள வளக்கறதால காளான் பண்ணை வச்சு உண்டாக்கவும் முடியல. ஆனா கீரைல தப்புப் பண்ணுனா பெரும்பாலும் வாய் கசக்கும், காளான்ல தப்புப் பண்ணுனா ஆஸ்பத்திரி. புத்துக்காளானுக்குத் தண்டு வேர் மாதிரி புத்துக்குள்ள ஆழமாப் போகும், புல்தரைல கொடை விரிச்சு நிக்கற வெள்ளக் காளான் ஒன்னு இருக்கு, முத்துனா அடிமடிப்பு பச்சையாயிரும், அது வாந்தி பேதி கேஸ். ஆனா இந்த ரெண்டு வரிய நம்பி யாரும் பறிச்சுராதீங்க, வருசாவருசம் பறிக்கற ஆள் கூட வந்தாப் போங்க, இல்லாட்டி வேணாம்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் தொய்யலத்தான் சொல்வேன், எனக்கு மட்டும்னா பண்ணை. இந்த வாரம் எங்க வீட்லயும் தொய்யல்தான், பண்ணை பூ விட்டுருச்சு.