விபிஏ எடிட்டர்: கோட் எழுத சுமார், எக்செல் உள்ள என்ன இருக்குன்னு நோண்டிப் பாக்க செம

போன மாசம் ஒரு எக்செல் ஃபைல் கைக்கு வந்துச்சு. அதுல ஒரு ஃபார்முலா ரேட்ஸ்னு ஒரு ஷீட்ல இருந்து நம்பர் எடுக்குது, ஆனா கீழ டேப் வரிசைல அப்படி ஒரு ஷீட்டே கிடையாது, ரைட் கிளிக் பண்ணி அன்ஹைட் போலாம்னா அதுவும் மங்கலா கிடக்கு, கிளிக்கே ஆகல. ஷீட் இல்லாம நம்பர் எங்கேர்ந்து வருது, பேயா? ஆல்ட் எஃப்11 அடிச்சு விபிஏ எடிட்டரை (எக்செலோட கூடவே வர்ற கோட் மொழி விபிஏ, அதை எழுதுற ஜன்னல்) திறந்து, கண்ட்ரோல் ஜி அடிச்சா கீழ இமீடியட் விண்டோனு ஒரு வெள்ளைப் பெட்டி வரும், அதுல ஒரே ஒரு வரி (? போட்டா பதிலைக் காட்டுன்னு அர்த்தம்):

ஃபார் ஈச் எஸ் இன் ஷீட்ஸ் : ? எஸ்.நேம், எஸ்.விசிபிள் : நெக்ஸ்ட்

என்டர் தட்டினதும் எல்லா ஷீட் பேரும் வந்துச்சு, பக்கத்துல -1, -1, -1, கடைசியா ரேட்ஸ் பக்கத்துல மட்டும் 2. -1னா தெரியுது, 0னா சாதாரணமா மறைச்சிருக்கு, 2னா வெரி ஹிட்டன், அதாவது அன்ஹைட் லிஸ்ட்லயே வராத மாதிரி ஒளிச்சு வச்சது. அதையே -1 ஆக்கி இன்னொரு வரி அடிச்சேன், டேப் வந்து உக்காந்துருச்சு. மொத்தம் ஒரு நிமிஷம் கூட ஆகல.

இந்த எடிட்டரைப் பத்தி எழுதணும்னு தோணினது அதனாலதான். விபிஏ எக்செலுக்குள்ள வந்தது 1993ல, இப்ப நாம பாக்குற இந்தத் தனி ஜன்னல் எடிட்டர் ஆபீஸ் 97ல வந்தது, மூஞ்சி பெருசா மாறவே இல்ல. கலர் மாத்தணும்னா பதினாறு கலர்தான், அதுல என்னத்த டார்க் மோட் பண்றது. ஒரு வரியை முடிக்காம மேல போய் எதையாவது காப்பி பண்ணலாம்னு கர்சரை நகத்தினா உடனே "கம்பைல் எரர்"னு ஒரு பெட்டி மூஞ்சில அடிக்கும். புதுசா திறக்குறவங்க முதல்ல டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் ஆட்டோ சின்டாக்ஸ் செக்கை ஆஃப் பண்ணுங்க, ரிக்வயர் வேரியபிள் டெக்ளரேஷனை (வேரியபிளை முன்கூட்டியே அறிவிக்கணும்னு கட்டாயப்படுத்துறது) ஆன் பண்ணுங்க, அது ஏன் ஆஃப்லயே வருதுன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல. கோட் எழுதுற இடம்னு மார்க் போட்டா அஞ்சுக்கு ரெண்டுதான் குடுப்பேன்.

ஆனா நோண்டிப் பாக்குற கருவினு வச்சுக்கிட்டா கதையே வேற. எக்செல்ல நாம கண்ணால பாக்குற ஒவ்வொண்ணும் உள்ள ஒரு ஆப்ஜெக்ட். மேல அப்ளிகேஷன், அதுக்குள்ள ஒர்க்புக்ஸ், அதுக்குள்ள ஒர்க்ஷீட்ஸ், அதுக்குள்ள ரேஞ்ச், ரேஞ்சுக்குள்ள ஃபான்ட், இன்டீரியர் (செல்லுக்கு அடிக்கிற கலர்) அப்படின்னு கிளை கிளையா போகும். செல்னு தனி ஆப்ஜெக்ட் கிடையவே கிடையாது, செல்ஸ் போட்டாலும் வர்றது ரேஞ்ச்தான். இதை நான் புக்குல படிச்சு மனசுல நிக்கல, இமீடியட்ல ? டைப்நேம்(செல்ஸ்(1,1)) அடிச்சு ரேஞ்ச்னு பதில் வந்தப்ப தான் நின்னுச்சு. இந்த டைப்நேம் ஒண்ணு போதும், எதையாவது கிளிக் பண்ணி வச்சுட்டு ? டைப்நேம்(செலக்ஷன்) கேளுங்க. செல்லுன்னா ரேஞ்ச்ங்கும், சார்ட் ஓரத்தைக் கிளிக் பண்ணிட்டுக் கேட்டா சார்ட்ஏரியாங்கும். பேர் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

மீதி பாதிக்கு எஃப்2, ஆப்ஜெக்ட் பிரவுசர். இடது பக்கம் கிளாஸ் வரிசை, வலது பக்கம் அதோட உறுப்புகள். கை மாதிரி இருந்தா ப்ராப்பர்ட்டி, பச்சைக் கட்டி பறக்குற மாதிரி இருந்தா மெத்தட், மின்னல்னா ஈவென்ட். ஐகான் மேல குட்டி நீலப் புள்ளி இருந்தா அதுதான் டிஃபால்ட், பேர் சொல்லாமலே வேலை செய்யுறது. எனக்குப் பிடிச்சது கீழ இருக்குற சின்னப் பட்டை, அதுல அந்த உறுப்பு என்ன திருப்பிக் குடுக்கும்னு பச்சை எழுத்துல இருக்கும், அதைக் கிளிக் பண்ணா அந்த கிளாஸுக்கே போயிடும், அப்படியே தாவித் தாவிப் போகலாம். ஆக்டிவ்ஷீட்டை (இப்ப முன்னாடி திறந்திருக்குற ஷீட்) தேடிப் பாருங்க, வெறும் ஆப்ஜெக்ட்னு போட்டிருக்கும். ஆக்டிவ்ஷீட் பக்கத்துல புள்ளி வச்சா அதோட உறுப்புகள் லிஸ்டே ஏன் வரமாட்டேங்குதுன்னு ரொம்ப நாள் மண்டையை ஒடச்சிக்கிட்டேன், காரணம் இதுதான். அது ஒர்க்ஷீட்டா இருக்கலாம், சார்ட் ஷீட்டா இருக்கலாம், ஓடுற வரைக்கும் எடிட்டருக்கே தெரியாது. டிம் டபிள்யூஎஸ் ஆஸ் ஒர்க்ஷீட்னு சொல்லிட்டு செட் பண்ணிப் பாருங்க, புள்ளி வச்ச உடனே லிஸ்ட் கொட்டும். சொல்லாம விட்டு ஸ்பெல்லிங்கும் தப்பா அடிச்சா கம்பைல் ஆகும்போது ஒண்ணும் சொல்லாது, ஓட்டும்போது தான் எரர் 438னு வந்து நிக்கும்.

இன்னொரு விஷயம், இதை மட்டும் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். மஞ்சள் அடிச்ச செல்லை எல்லாம் எண்ணணும்னு ஒரு வேலை. மஞ்சள் செல்ல நின்னு ? ஆக்டிவ்செல்.இன்டீரியர்.கலர் கேட்டேன், 65535. சரி. கலரே அடிக்காத செல்ல நின்னு கேட்டேன், 16777215. அது வெள்ளை ஆச்சே, வெள்ளை அடிச்ச செல்லுக்கும் இதே நம்பர்தான், அப்ப அடிச்சதையும் அடிக்காததையும் எப்படிப் பிரிக்கிறது? கலர்இன்டெக்ஸ் கேட்டா அடிக்காததுக்கு -4142னு வருது, அடிச்சதுக்கு வேற நம்பர், பிரிஞ்சிடுச்சு. ஆனா எண்ணிக்கை இன்னும் இடிச்சுது, கண்ணுக்கு மஞ்சளா தெரியுற சில செல் 16777215ன்னே சொல்லுது. கடைசில பாத்தா அது கண்டிஷனல் ஃபார்மேட்டிங் (ஒரு விதி பொருந்தினா தானா கலர் மாறுறது) போட்ட மஞ்சள், இன்டீரியருக்கு அது தெரியாது, அதுக்கு நடுவுல டிஸ்ப்ளேஃபார்மேட்னு ஒண்ணு சேக்கணும், எக்செல் 2010ல இருந்து இருக்கு. ஷீட்ல ஃபார்முலாவா கூப்பிடற ஃபங்ஷனுக்குள்ள மட்டும் அது வேலைக்கு ஆகாது, அதையும் இப்பவே சொல்லிடறேன். இவ்ளோத்தையும் ஒரு மேக்ரோ (சேமிச்சு வச்சு ஓட்டுற கோட்) கூட எழுதாம, கேள்விக்குறி போட்டுப் போட்டே கண்டுபிடிச்சேன்.

நாம பண்றதைப் பாத்து அதுவே கோடா எழுதி வைக்கிற மேக்ரோ ரெக்கார்டரைப் பத்திக் கேப்பீங்க. பேர் கண்டுபிடிக்க நல்லது, கோடா எடுத்துக்கக் கூடாது. பேஜ் செட்டப்ல பேப்பரைப் படுக்க வச்சது ஒண்ணுதான் நான் பண்ணது, அதுவோ மார்ஜின், ஹெட்டர், ஃபூட்டர்னு பத்திப் பத்தியா எழுதி வச்சிருக்கும். தேவையானது ஓரியன்டேஷன்னு ஒரு வரி. ரெக்கார்ட் பண்ணு, பேரை எடு, மத்ததை அழி.

லோக்கல்ஸ் விண்டோவும் இருக்கு, ஓடிட்டிருக்குற கோடோட வேரியபிள்களைக் காட்டுறது. ரெண்டு வரி சப் (சின்ன மேக்ரோ) எழுதி ஷீட்டை ஒரு வேரியபிள்ல செட் பண்ணி, வரி வரியா ஓட்டுற எஃப்8 அடிச்சு நடுவுல நிறுத்துங்க, லோக்கல்ஸ்ல அந்தப் பேர் பக்கத்துல ஒரு ப்ளஸ் இருக்கும், தட்டினா ஷீட்டோட வயித்துல இருக்குறது அத்தனையும் மதிப்போட விரியும். பேரன்ட்டை விரிச்சா ஒர்க்புக், அதுல அப்ளிகேஷன், அதுல ஆக்டிவ்ஷீட், அதுல மறுபடி பேரன்ட், சுத்திச் சுத்தி அதே இடத்துக்கு வந்து நிப்பீங்க. ஒரு தடவை தெரியாம ஏழெட்டு அடுக்கு போயிட்டு எந்த ஷீட்ல இருக்கேன்னே மறந்துட்டேன்.

இப்ப குறை. இமீடியட் விண்டோல கேக்கறது வேற, மாத்தறது வேற. விபிஏ வழியா ஷீட்ல எதையாவது மாத்தினா அன்டூ லிஸ்ட் காலி, கண்ட்ரோல் இசட் வேலை செய்யாது. நான் ரெண்டு ஃபைல் திறந்து வச்சிருந்து, ஆக்டிவ்ஷீட் எதுன்னு பாக்காம ஒரு நெடுவரிசை முழுக்க வேல்யூ = 0ன்னு அடிச்சேன், தப்பு முழுக்க என்னோடது, சேவ் பண்ணாம மூடி அரை நாள் வேலையைத் திரும்பப் பண்ணேன். அதுக்கப்புறம் எதை மாத்தறதுக்கு முன்னாடியும் ? ஆக்டிவ்ஒர்க்புக்.நேம் கேக்காம கை வைக்கிறதில்ல.

நமக்குன்னே ஒரு குறையும் இருக்கு. எடிட்டருக்கு யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் ஒரு நம்பர் குடுக்குற முறை) தெரியாது. செல்ல தமிழ்னு எழுதிட்டு ? ஆக்டிவ்செல்.வேல்யூ கேட்டா ????? வரும், அஞ்சு கேள்விக்குறி. நாம எண்ணினா மூணு எழுத்து, உள்ள த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளினு அஞ்சு துண்டு. டேட்டா கெட்டுப் போகல, காட்டத்தான் தெரியல. அஸ்க்டபிள்யூங்கிற ஃபங்ஷன் போட்டு ஒவ்வொரு எழுத்தோட நம்பரைக் கேட்டா சரியா சொல்லும், அ-வுக்கு 2949. அதனால கோடுக்குள்ள தமிழ் எழுத ஆசைப்படாதீங்க, ஒரு செல்ல எழுதி வச்சு அங்கிருந்து எடுத்துக்கங்க.

நோண்டிப் பாக்க அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் அந்த கேள்விக்குறிக்குக் கட்.

பிரவுசர்ல ஓடுற எக்செல்ல இந்த எடிட்டர் கிடையாது, அங்க ஆபீஸ் ஸ்கிரிப்ட்ஸ், டைப்ஸ்கிரிப்ட்ல எழுதணும். ஒர்க்புக், ஒர்க்ஷீட், ரேஞ்ச்னு மரம் கிட்டத்தட்ட அதே சாயல்தான், கெட் செட்னு முன்னாடி ஒட்டிக்கும். எழுதுற இடம் பாக்க அழகா இருக்கு, ஆனா இமீடியட் விண்டோ இல்ல, ஒரு சின்ன சந்தேகம் கேக்கணும்னாலும் கன்சோல் லாக் போட்டு முழு ஸ்கிரிப்டையும் ஓட்டணும். நான் இன்னும் டெஸ்க்டாப்ல ஒரு தடவை கேள்விக்குறி போட்டுப் பாத்துட்டுத்தான் அந்தப் பக்கம் போறேன்.