நாசிக் சூலா ஒயின் தோட்டம்: பாண்டியிலேர்ந்து அப்பாவையும் கூட்டிட்டுப் போன கதை

பாண்டில எந்தத் தெருவுல நின்னாலும் ஒயின்ஸ்னு ஒரு போர்டு கண்ணுல படும், ஆனா உள்ள பிராந்தியும் பீரும்தான் அடுக்கி இருக்கும், ஒயின் ஏதோ ஒரு மூலையில தூசியோட நிக்கும். கல்யாணமாகி முதலியார்பேட்டை வந்தப்புறம்தான் பக்கத்து வீட்டு சொல்தா தாத்தா (பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்கள பாண்டில சொல்தான்னுதான் சொல்வோம்) மத்தியான சாப்பாட்டோட சின்ன கிளாஸ்ல செவப்பு ஒயின் ஊத்தி ஒரு மணி நேரம் உக்காந்து குடிக்கிறதப் பாத்தேன். அவருக்கு அது சாப்பாடு மாதிரிதான். அப்பவே இது எங்க விளையுது எப்படி செய்றாங்கன்னு பாக்கணும்னு ஆசை வந்துடுச்சு, இந்த பிப்ரவரிதான் அமைஞ்சுது.

நான், வீட்டுக்காரரு, எங்க அப்பா மூணு பேரும் போனோம். அப்பா நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெவசாயி, வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்ல. "நான் எதுக்கும்மா அங்க"ன்னு ரொம்ப கேட்டாரு. தோட்டம் பாக்கலாம்ப்பா வாங்கன்னு கட்டாயப்படுத்தி கூட்டிட்டுப் போனேன்.

பாண்டியிலேர்ந்தே வாரத்துல மூணு நாள் தாதர் எக்ஸ்பிரஸ் இருக்கு, திருவண்ணாமலை, காட்பாடி, பெங்களூரு, ஹூப்ளி, புனேன்னு சுத்திட்டு ஒன்றரை நாள் கிட்ட ஓடும், கல்யாண்ல எறங்கி நாசிக் ரோட்டுக்கு வேற ரயில் மாறிக்கலாம். அந்த ரெண்டாவது ரயில்ல ஜன்னல் சீட்டு கெடச்சா விட்றாதீங்க, கசாரா மலைப்பாதையில வண்டி ஏற முடியாம பின்னாடி எக்ஸ்ட்ரா எஞ்சின் வெச்சு தள்ளி ஏத்துவாங்க. நேரம் இல்லாதவங்க சென்னை போயி பிளைட் புடிக்கலாம், ஆனா அப்பா மாதிரி ஆளுக்கு வழி நெடுக வயல பாத்துட்டு போறதே பாதி சந்தோஷம்.

சூலா தோட்டம் நாசிக் ஊருக்கு வெளிய கங்காபூர் அணைப் பக்கம் இருக்கு. ராஜீவ் சாமந்த்னு ஒருத்தர், அமெரிக்காவுல கம்ப்யூட்டர் கம்பெனி வேலைய விட்டுட்டு வந்து குடும்ப நெலத்துல மாம்பழம் ரோஜான்னு எல்லாம் போட்டுப் பாத்துட்டு அப்புறம் ஒயின் திராட்சைக்கு வந்தாரு, அம்மா பேரு சுலபா, அதுலேர்ந்துதான் சூலா. முதல் ஒயின் 2000ல வெளிய வந்துச்சு. அதுக்கு முன்னாடி நாசிக்னா சாப்பிடற திராட்சைதான், இப்பவும் சுத்தி அதுதான் அதிகம்.

கேட்டுக்குள்ள நுழைஞ்ச ஒடனே அப்பா நேரா வரிசைகிட்ட போயிட்டாரு. தேனி பக்கம் கம்பம் ஊருல பன்னீர் திராட்சை பந்தல் போட்டு தலைக்கு மேல தொங்கும்ல, இங்க அப்படி இல்ல, கம்பி கட்டி இடுப்பு ஒசரத்துக்கு சுவரு மாதிரி வரிசை வரிசையா நிக்குது, குலை கீழ்ப்பக்கமா தொங்குது, காத்தும் வெளிச்சமும் நல்லா படும். பழம் சின்னதா இருக்கு, தோல் தடிமன், உள்ள கொட்டை. ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க, கடையில வாங்குற திராட்சைய விட இனிப்பு ஜாஸ்தி, நான் புளிக்கும்னுதான் நெனச்சிருந்தேன்.

டூர் கூட்டிட்டுப் போன பையன் இங்கிலீஷ்லயும் இந்தியிலயும் சொன்னத நான் அப்பாவுக்கு தமிழ்ல சொல்லிட்டே வந்தேன். திராட்சைய எப்ப பறிப்பீங்கன்னு கேட்டதுக்கு அவன் பிரிக்ஸ்னு ஒரு வார்த்த சொன்னான் பாருங்க, நான் மொழிபெயர்க்கவே வேணாம், அப்பா மூஞ்சி அப்படியே மலந்துடுச்சு. சாறுல எவ்ளோ சர்க்கரை இருக்குன்னு பாக்குற அளவு அது, எங்க பக்கம் சர்க்கரை ஆலையிலேர்ந்து ஆள் வந்து கரும்பு சாறு ஒரு சொட்டு மீட்டர்ல விட்டுப் பாத்துதான் வெட்டு உத்தரவு குடுப்பாங்க. கரும்புல 20 வந்தா நல்ல முதிர்ச்சி, ஒயின் திராட்சைய 22லேர்ந்து 24 பிரிக்ஸ் வாக்குல பறிப்பாங்களாம். அப்பா ஒடனே அடுத்த கேள்வி, "வெட்டி எத்தன மணி நேரத்துல அரைக்கணும்?" கரும்பு வெட்டிப் போட்டு காஞ்சா ரெகவரி, அதாவது கெடைக்கிற சர்க்கரை அளவு, போயிடும், அந்தக் கவல அவருக்கு ரத்தத்துலயே ஊறுனது. இங்கயும் அதே கததான், வெயிலுக்கு முன்னாடி விடிகாலைலயே பறிச்சு அன்னிக்கே ஆலைக்கு போயிடணும், சூடேறுனா வாசன கெட்டுப் போயிடும்.

அப்புறம் கவாத்து, அதாவது கொடிய வெட்டி விடறது பத்தி பேச்சு வந்துச்சு. ஐரோப்பாவுல குளிர் காலத்துல கொடி தூங்கும், அறுவடை செப்டம்பர் அக்டோபர். நம்ம ஊரு சூட்டுல கொடி தூங்கவே தூங்காது, அதனால ஏப்ரல்ல ஒரு கவாத்து, மழ முடிஞ்சு செப்டம்பர் அக்டோபர்ல ஒரு கவாத்து, ரெண்டு தடவ வெட்டி ஒரே ஒரு மகசூல், ஜனவரிலேர்ந்து மார்ச்சுக்குள்ள. அதனால போறவங்க இந்த மூணு மாசத்துல போங்க. மழக்காலத்துல பச்சையா அழகா இருக்கும் ஆனா பழம் இருக்காது, ஏப்ரல் மே போனா வெறும் கட்டையும் கம்பியும்தான்.

உள்ள பெரிய பெரிய ஸ்டீல் டேங்க், வெள்ள ஒயின் நொதிக்கிறப்ப சூடு ஏறக்கூடாதுன்னு குளிர வெச்சிருக்காங்க. கருப்பு திராட்சைய உரிச்சா உள்ள சதை வெள்ளதான, தோலோட சேத்து ஊற வெச்சாதான் செவப்பு, கொஞ்ச நேரத்துல தோல எடுத்துட்டா ரோஸ். இத்தன வருஷம் எனக்கு இது தெரியாது. மரப் பீப்பா ரூம்ல ஜில்லுனு ஒரு வாசன, மழயில நனஞ்ச மரம் மாதிரி, அங்கயே நின்னுட்டேன்.

டேஸ்டிங் 2005லேர்ந்தே நடத்துறாங்க, மேல பால்கனியிலேர்ந்து பாத்தா தோட்டம், மலை எல்லாம் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாதான் ஊத்துவாங்க, கிளாஸ காம்ப புடிச்சு சுத்தி மோந்து பாத்துட்டு வாய்ல வெச்சுக்கணும். எனக்கு புடிச்சது சாவினியோன் பிளாங்க்னு ஒரு வெள்ள ஒயின், பச்ச கொய்யாவும் அறுத்த புல்லும் சேந்த வாசன. கடைசில லேட் ஹார்வெஸ்ட் செனின் பிளாங்க் குடுத்தாங்க, பழத்த கொடியிலயே அதிக நாள் விட்டு பறிச்சது, தேன் மாதிரி. ஷிராஸ்னு ஒரு செவப்பு ஒயின் வீட்டுக்காரருக்கு ரொம்ப புடிச்சுது, எனக்கு தொண்டையில கறகறன்னுச்சு. அப்பா குடிக்கல, ஆனா ஒவ்வொரு கிளாஸையும் வாங்கி மோந்து பாத்து இதுல மொளகு வாசன இருக்கும்மான்னாரு, அது ஷிராஸ்தான், அந்தப் பையனே ஆச்சரியமா பாத்தான்.

ரெண்டாவது நாள் வேற ஒரு சின்ன ஒயினரிக்குப் போனோம், பேரு வேணாம். செவப்பு ஒயின வெயில்ல வெச்சிருந்த மாதிரி வெதுவெதுன்னு ஊத்துனாங்க, தோட்டத்துக்குள்ள விடல, கேட்ட கேள்விக்கு பதில் இல்ல. ஒரே நாள்ல மூணு நாலு எடம் சுத்துற பேக்கேஜ் வாங்காதீங்க, நாக்கு மரத்துப் போயிடும், தலயும் சுத்தும். ஒரு எடத்துல நாள் முழுக்க இருங்க, காலைல டூர், சாப்பிட்டுட்டு நெழல்ல உக்காந்து பேசிட்டு, சாயங்காலம் பால்கனி. சனி ஞாயிறு மும்பை கூட்டம் அப்படியே வந்து எறங்கும், செவ்வாய் புதன் போங்க. டாக்சிய போக வர சேத்துப் பேசி வெயிட்டிங்ல வெச்சுக்கங்க, எங்களுக்கு ஆப்ல புக் பண்ண வண்டி ரெண்டு தடவ கேன்சல் ஆகி அப்பா இருட்டுல முக்கா மணி நேரம் நின்னாரு, எனக்கு மனசே ஆறல.

பாட்டில் எதுவும் வாங்கல, பாண்டி-கடலூர் எல்லையில பாட்டில் இருக்கான்னு சோதிக்கிற ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டி வளந்தவங்களுக்கு சொல்லணுமா, மாநிலத்துக்கு மாநிலம் விதி வேற. சூலா பாட்டில் பாண்டியிலயே கெடைக்குது, வந்ததும் ஒண்ணு வாங்கி சொல்தா தாத்தாவுக்கு குடுத்தேன், மோந்து பாத்துட்டு "பான்"னு (பிரெஞ்சுல நல்லாருக்குன்னு) ஒரே வார்த்த சொன்னாரு.

அப்பா நெல்லிக்குப்பம் போயி இறங்குனதுமே போன் பண்ணாரு, அந்தக் கவாத்து பண்றத பாக்கணுமாம், அக்டோபருக்கு டிக்கெட் எப்ப திறக்கும்னு கேக்குறாரு.