அகழியில் ஜெயித்தது, துருவில் தோற்றது: மூன்று ஜெர்மன் பயனெட்டுகள்

முதல் உலகப் போர்க்களத்து மண்ணிலிருந்து வந்த ஜெர்மன் பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) ஒன்று வாங்கலாம் என்று இறங்கினால், கண்ணில் அதிகம் படுபவை மூன்று. கசாப்புக் கத்தி என்று பட்டப்பெயர் எடுத்த 98/05, குட்டையான 84/98, அவசரத்துக்கு அடித்துத் தள்ளிய எர்சாட்ஸ்.

முதலில் அகழிக் கணக்கு, அதாவது வீரர்கள் பதுங்கிச் சண்டையிட்ட நீள்குழிக்கு எது தோது என்பது. ஜெர்மன் காலாட்படையின் கெவேர் 98 துப்பாக்கியே 125 செ.மீ. போர் தொடங்கியபோது பல காலாட்படையினரிடம் இருந்த பழைய 98 பயனெட்டின் அலகு மட்டும் 52 செ.மீ. இரண்டையும் சேர்த்தால் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். திறந்த வெளிக்குச் சரி. குறுகலான அகழிக்குள் அதை வைத்துக்கொண்டு எப்படித் திரும்புவது? 98/05-இன் அலகு சுமார் 37 செ.மீ. 1915-இல் வந்த 84/98-க்கு 25 செ.மீ.தான். கழற்றினால் கைக்கத்தி, சோற்று நேரத்தில் டின் திறக்கவும் ஆகும். அகழிக்கு ஏற்றது அதுதான், சந்தேகமே இல்லை.

ஆனால் நூறு வருஷம் மண்ணில் கிடந்த பிறகு கணக்கு தலைகீழாகிவிடுகிறது. 84/98 வகை இரண்டாம் உலகப் போரிலும் தொடர்ந்தது. கைப்பிடி மரம் மட்கி, முத்திரையைத் துரு தின்றுவிட்டால், கையில் இருப்பது 1916-ஆ 1944-ஆ என்று அடித்துச் சொல்வது கஷ்டம். இரண்டு போரும் நடந்த ஊர்களில் கிடைத்தது என்றால் இன்னும் சிக்கல்.

98/05-க்கு அந்தத் தொல்லை இல்லை. பிடியருகே ஒடுங்கி, நுனியை நெருங்க நெருங்க அகலும் அந்த அலகு, விளிம்பெல்லாம் அரித்துப் போனாலும் காட்டிக்கொடுத்துவிடும். மரம் போன இடத்தில் வெறும் இரும்பு நாக்கும், அதைக் குறுக்கே துளைத்து நிற்கும் இரண்டு திருகாணிகளும் தெரியும். என் ஓட்டு இதற்குத்தான்.

முதுகில் ரம்பப் பல் வைத்த 98/05-க்கு விலை எகிறும். அந்தப் பல் மரம் அறுக்க வைத்தது. எதிரிகளோ அதைக் கொடூரத்தின் அடையாளமாகப் பார்த்தார்கள். போரின் பிற்பகுதியில் பலவற்றில் பல்லை ராவியே எடுத்துவிட்டார்கள். அசலில் பற்கள் இரட்டை வரிசை. துருவுக்கு மேல் பளிச்சென்று புது வெட்டு தெரிந்தால் அது பின்னால் வெட்டிய போலிப் பல், கிளம்பிவிடுங்கள்.

எர்சாட்ஸ் என்றால் பதிலி. தட்டுப்பாட்டில் மரத்தை விட்டுவிட்டுப் பிடியையும் இரும்பிலேயே செய்தார்கள். பலவற்றுக்கு ஃபெல்ட்கிராவ் சாம்பல் பூச்சு. அன்று மட்டமான சரக்கு. இன்று, மட்க மரம் இல்லாததால், பிடியோடு முழு உருவமாக வரும் வாய்ப்பு இதற்கே அதிகம். தகட்டுப் பிடி என்றால் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வகைகள் எக்கச்சக்கம், பெயர் வைக்கவே தனிப் பொறுமை வேண்டும்.

எதை வாங்கினாலும் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்காதீர்கள். சலவைச் சோடாத் தண்ணீரில் மின்பகுப்பு செய்து துருவை இளக்கி, டானிக் அமிலம் பூசி, கடைசியில் மெழுகு. பொறுமையாகச் செய்தால் அலகின் முதுகில் ஒரு கிரீடம், கீழே பேரரசர் வில்ஹெல்மின் பெயரைக் குறிக்கும் டபிள்யூ எழுத்து, அப்புறம் 15, 16 என்று ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் மங்கலாக எழுந்து வரலாம்.