கிரான்பெர்ரி வச்சு நாலு வருஷம் ஆச்சு, தண்ணிப் பிரச்சனை மட்டும் தீரல

போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருத்தர் கொல்லைப்பக்கம் பூத்துக் கெடந்த கிரான்பெர்ரி (தரையோட படர்ற கொடி, சின்னச் செவப்புப் புளிப்புப் பழம்) பாத்தியப் பாத்துட்டு "சூப்பரா இருக்கே, நானும் வைக்கலாமா"ன்னு கேட்டார். சரின்னும் சொல்ல வாய் வரல, வேணாம்னும் வரல. அதான் இங்க கொட்டுறேன்.

நாங்க இருக்கிறது அமெரிக்கால பாஸ்டன் பக்கம். ஸ்டீவன்ஸ்ங்கற ரகம், ஆறு செடி, நாலடிக்கு நாலடி பாத்தி. ஊர்ல மொட்டைமாடில வைக்கலாமான்னு யாராவது கேப்பீங்க, விட்டுருங்க, மாசக்கணக்கா நல்ல குளிர் கெடைக்கலன்னா இது பூக்காது.

மொதல்ல என் முட்டாள்தனம். ஜூஸ் விளம்பரத்துல ரெண்டு பேர் இடுப்பளவு தண்ணில நிப்பாங்க, சுத்தி செவப்பா பழம் மெதக்கும் பாத்திருப்பீங்க, அதப் பாத்துட்டு இது நெல்லு மாதிரி தண்ணிக்குள்ள வளர்ற செடின்னு நானே முடிவு பண்ணி, அடில பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு நாத்து நட்ட வயல் மாதிரி தண்ணி கட்டி வச்சேன். ரெண்டு செடி அழுகிப் போச்சு. அப்புறம் அக்டோபர்ல கார்வர்ங்கற ஊர்ப் பக்கம் கிரான்பெர்ரி அறுவடை பாக்கப் போனப்பதான் விஷயமே தெரிஞ்சுது, தண்ணி விடறது பழம் பறிக்கறதுக்கும், குளிர்ல கொடி கருகாம இருக்கறதுக்கும்தான். மத்த நாள்ல சாதாரண ஈர மண்ணு, அவ்ளோதான். பழத்தக் குறுக்க வெட்டினா உள்ள நாலு அறை, நாலும் காத்து, அதான் மெதக்குது. பையன் கிச்சன் மேடைல போட்டு எகிற விட்டு விளையாடறான், நல்ல பழம் துள்ளும், அழுகினது தொப்புனு கெடக்கும். அந்தக்காலத்துல பழத்தத் தரம் பிரிச்சதே இப்படித் துள்ள விட்டுத்தானாம்.

ஷீட்ட உருவிட்டு பீட் மாஸும் (மக்கின பாசி, புளிப்பா இருக்கும்) மணலும் கலந்து புதுசா போட்டேன், செத்த ரெண்டுக்கு வேற செடி வச்சேன். ரெண்டாவது வருஷம் இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மண்ணுல புளிப்பு பத்தலன்னு கந்தகத்தூள் வாங்கிப் போட்டேன், அது வேலை செய்யவே மாசக்கணக்காகும், அதுவரைக்கும் காலைல சாயங்காலம்னு அக்கறையா ஹோஸ் புடிச்சு ஊத்திட்டே இருந்தேன். ஒருநாள் சும்மா பிஹெச் பேப்பரக் (7க்குக் கீழ புளிப்பு, மேல காரத்தன்மை) குழாய்த் தண்ணில நனைச்சுப் பாத்தா 9! செடி கேக்கறது 4லேர்ந்து 5.5க்குள்ள புளிப்பு மண்ணு. பழைய ஈயக் குழாய்லேர்ந்து ஈயம் கரைஞ்சு வரக்கூடாதுன்னு இங்க தண்ணிய வேணும்னே காரத்தன்மையா வச்சு அனுப்பறாங்க. நம்ம நல்லதுக்குத்தான், குத்தம் சொல்ல முடியாது, ஆனா ஒரு வருஷமா என் கையாலேயே அந்தச் செடிக்கு சுண்ணாம்புத் தண்ணி ஊத்தின மாதிரிதானே ஆச்சு?

அன்னிலேர்ந்து மழைத்தண்ணிதான். கூரைத் தண்ணி விழற எடத்துல 50 கேலன் டிரம் ஒண்ணு வச்சேன். மே மாசம் வரைக்கும் ஜாலி. ஜூலைல பத்து நாள் மழை இல்லன்னா போச்சு, வேர் மேலாக்க இருக்கறதால மண்ணு காயவும் விடக்கூடாது, டிரம் காலி, நான் பக்கெட்ல குழாய்த் தண்ணி புடிச்சு வினிகர் கலந்து பேப்பர் நனைச்சுப் பாத்துட்டு நிப்பேன். "ஏங்க, ரசத்துக்குப் புளி கூட நான் இவ்ளோ அளந்ததில்ல"ன்னா வீட்டம்மா. வானிலை ஆப்ப ஒரு நாளைக்கு எத்தன தடவ பாக்கறேன்னு கேக்காதீங்க, அசிங்கம்.

மத்ததெல்லாம் உண்மையா தங்கமான செடிதான். உரம் ரொம்பக் கேக்காது, ஆசைப்பட்டு நைட்ரஜன் அதிகமா போட்டா கொடி மட்டும் தெரு வரைக்கும் ஓடும், காய் இருக்காது, ஏன்னா நேரா நிமிந்து நிக்கற கிளைலதான் காய்க்கும். குளிர்காலத்துல கரும்சிவப்பா ஆயிடும், மொத வருஷம் செத்துப்போச்சுன்னு பிடுங்கவே போயிட்டேன், ஏப்ரல் மே வாக்குல அதுவே பச்சையாச்சு. குளிர்ல மேல அரை இஞ்ச் மணல் தூவுங்க, செலவே இல்லாத வைத்தியம். இங்க கடலோரத்துல கேப் காட்னு ஒரு பகுதி, அங்க டென்னிஸ்ங்கற ஊர்ல ஹென்றி ஹால்னு ஒருத்தர் 1816ல, காத்துல மணல் வந்து மூடின காட்டுக்கொடி நல்லா தழைக்கறதப் பாத்துட்டுதான் பயிர் பண்ணவே ஆரம்பிச்சாராம். அப்புறம் அந்தப் பூ, இதழெல்லாம் பின்னாடி மடிஞ்சு மூக்கு நீட்டிட்டு அப்படியே கொக்குத் தலை. இங்கிலீஷ்ல கொக்கு மாதிரிப் பறவைக்கு கிரேன்னு பேரு, கிரான்பெர்ரிங்கற பேரே அதுலதான் வந்ததுன்னு சொல்றாங்க. ஜூன்ல பெரிய வண்டெல்லாம் ரீங்காரம் போட்டுட்டு தலைகீழா தொங்கித் தேன் குடிக்கும், காபி டம்ளரோட அரை மணி நேரம் நின்னுடுவேன்.

பழம் மூணாவது வருஷம் ஒரு கிண்ணம். போன அக்டோபர்ல 3 பவுண்டு. கடைல 12 அவுன்ஸ் பை மூணு டாலர் சொச்சத்துக்குக் கெடைக்குது, அப்போ என்னோட மொத்த அறுவடை ஒரு பன்னெண்டு பதிமூணு டாலர், டிரம் வாங்கின காசு கூட வரல. ஆனா நல்லெண்ணெய், பெருங்காயம், வெந்தயப்பொடி போட்டு தொக்கு கிண்டினோம் பாருங்க, புளியே வேணாம், களாக்காய் ஊறுகாய் ஞாபகம் வந்து அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு பாட்டிலக் காட்டினேன்.

நண்பருக்கு வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல. நாலு கொடி வெட்டி தொட்டில ஊன்றி வச்சிருக்கேன், வேர் விட்டதும் எடுத்துட்டுப் போகட்டும். டிரம் மட்டும் அவரே வாங்கிக்கணும், என்னோட தண்ணில ஒரு சொம்பு கூட தர மாட்டேன்.