பொன்மொழி டைரி: வாங்கும் முன் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள்

மேலே ஒரு பொன்மொழி, கீழே எழுத இடம், மாதக் கடைசியில் பழக்கங்களை டிக் அடிக்கக் கட்டம். இந்த வகை டைரிகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. அட்டையில் மலையுச்சிப் படமும் 'விடாமுயற்சி' என்ற எழுத்தும் இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நடுப்பக்கத்தைத் திறந்து மேசையில் வையுங்கள். கையை எடுத்ததும் மூடிக்கொண்டால், பெரும்பாலும் அது கம் பைண்டிங், அதாவது தாள்களைப் பசையால் மட்டும் ஒட்டிய கட்டு. அழுத்தி விரித்து எழுத எழுத முதுகு பிளந்து தாள் கழன்று வரும். நூல் தைத்த கட்டு விரிந்தபடியே கிடக்கும். நாளுக்கு ஒரு பக்கம் என்றால் 365 பக்கத்துக்கு 183 தாள். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் ஏறக்குறைய 2 செ.மீ. தடிமன் வரும். அதைவிட மிகவும் ஒல்லியாக இருந்தால் தாள் மெலிது, மை பேனா மறுபக்கம் ஊறும்.

பொன்மொழிகளைச் சோதிக்க ஒரு சுலப வழி உண்டு. குறள் என்று போட்டிருந்தால் சீர்களை எண்ணுங்கள். முதல் அடியில் நான்கு, அடுத்ததில் மூன்று இல்லையென்றால் அது குறளே அல்ல. எண்ணும் 1330-க்குள் இருக்க வேண்டும். இதிலேயே தவறு செய்பவர்கள் ஐன்ஸ்டைன் பெயரில் போடும் வரிகளை நம்ப வேண்டாம்.

ஆனால் பொன்மொழி இங்கே இரண்டாம்பட்சம். குணத்தைத் திருத்தும் குறிப்பேட்டுக்கு நல்ல முன்மாதிரி, பழைய அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் வைத்திருந்த சின்னப் புத்தகம். 13 நற்குணங்கள், வாரத்துக்கு ஒன்றில் தனிக் கவனம், 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. பக்கத்தில் நாளுக்கு ஒன்றாக ஏழு பத்தி, குணத்துக்கு ஒன்றாக 13 வரிசை. அவர் டிக் அடிக்கவில்லை. தவறிய இடத்தில் கரும்புள்ளி வைத்தார். அடுத்த சுற்றுக்காகப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிப்போக, தந்தத் தகடுகளுக்கு மாறி, பென்சிலால் குறித்து ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார்.

இன்றைய டைரிகள் சறுக்குவது இங்கேதான். 'இன்று பொறுமையாக இருந்தேன்' என்று ஒரு டிக் கட்டம் வைக்கிறார்கள். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும். யாரிடம், எப்போது, என்ன சொல்லி எரிந்து விழுந்தோம் என்று எழுத இரண்டு வரி இடம் கொடுத்த டைரி எவ்வளவோ மேல். விடாமுயற்சிக்கும் இதே கதை. 'முயன்றால் முடியும்' என்று அச்சடித்த பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடலாம். 'நாளை எப்போது, எங்கே, எதை முடித்ததும் தொடங்குவீர்கள்?' என்று கேட்கும் பக்கத்தில் ஏதாவது எழுதியாக வேண்டும்: 'காலை 6.30, பல் துலக்கியதும், ஜன்னலோர மேசை, கணக்கு இரண்டு.' 'நாளை படிக்க வேண்டும்' என்று எழுதினால் அது நடப்பது சந்தேகம்தான்.

தேதி அச்சிட்டதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நாலு நாள் விட்டுப்போனால் வெற்றுப் பக்கங்கள் முறைத்துப் பார்க்கும். ஐந்தாம் நாள் டைரி பரணுக்குப் போய்விடும்.

21 கட்டங்கள் கொண்ட 'பழக்கச் சவால்' பக்கம் இன்னும் மோசம். அந்த 21 மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து பரவியது. புது முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் சொன்னார். 'குறைந்தது' என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. பின்னாளில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து நடந்த ஆய்வில், பழக்கம் தானாக ஓடத் தொடங்க நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. 22-ஆம் நாளில் 'நமக்கு இது வராது' என்று விடுபவர், பெரும்பாலும் பாதி வழிகூடத் தாண்டவில்லை என்பதை அந்தப் பக்கம் சொல்லாது.

ஏற்கெனவே அப்படி ஒன்றை வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். மூன்று மாதத்துப் பக்கங்களைச் சேர்த்தால் 63 கட்டம். ஓரத்தில் ஸ்கேல் வைத்து இன்னும் மூன்று போட்டுக்கொள்ளுங்கள்.