கேப்பிட்டல் வேட்டை: டிரெட்நாட்களை இறக்குவதா, பாம்பர்களை இறக்குவதா?

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிப் போர் இணைய ஆட்டத்தில் பகைக் கூட்டணியின் கேப்பிட்டல் எனப்படும் மாபெரும் கப்பலைப் பதுங்கியிருந்து வீழ்த்த எங்கள் சிறு குழு இரண்டு வழிகளையும் முயன்று பார்த்துவிட்டது. இலக்கின் அருகே சைனோ (தொலைவிலுள்ள கப்பல்கள் தாவி வந்திறங்க வழிகாட்டும் விளக்கு) ஏற்றி, டிரெட்நாட் என்னும் கனரகக் கேப்பிட்டல்களை அதன் தலைமேல் இறக்குவது ஒரு வழி. பிளாக் ஆப்ஸ் என்னும் மறைமுகத் தாக்குதல் கப்பல் திறக்கும் பிரிட்ஜ் (மற்றக் கப்பல்களைத் தாவவைக்கும் வாயில்) வழியாக, மறைந்து பறக்கக்கூடிய சிறிய ஸ்டெல்த் பாம்பர்களை அனுப்புவது மற்றொன்று. டிரெட்நாட்களைப் பெரும்பாலும் நிறுத்திவைத்துவிட்டு இப்போது பாம்பர்களோடுதான் வேட்டைக்குப் போகிறோம் என்பதால், இது நடுநிலையான ஒப்பீடு என்று நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

அடிக்கும் வலிமையில் இரண்டுக்கும் போட்டியே இல்லை. நின்ற இடத்திலேயே நின்று பல மடங்கு வலிமையாகச் சுடவைக்கும் சீஜ் மாட்யூலை இயக்கிய டிரெட்நாட்கள் நாலைந்து சேர்ந்தால், தனித்து நிற்கும் கேரியர் (ஃபைட்டர் எனும் சிறு போர் விமானங்களை ஏவும் கேப்பிட்டல்) உதவி கேட்டு முடிப்பதற்குள் சிதறிவிடும். அதே வேலைக்குப் பாம்பர்கள் பல மடங்கு எண்ணிக்கையில் வேண்டும். விலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: ஒரு டிரெட்நாட்டை இழப்பது குழுவையே உலுக்கும், ஒரு பாம்பரை இழந்தவர் அடுத்த பாம்பரில் ஏறிக்கொள்வார்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: அடித்த பிறகு வீடு திரும்ப முடியுமா என்பது. சீஜ் சுற்று ஒன்று 5 நிமிடம் நீடிக்கிறது. அது முடியும்வரை டிரெட்நாட்டால் நகரவும் முடியாது, தோழமைக் கப்பல்களின் ரிப்பேரைப் பெறவும் முடியாது. சுற்று முடிந்தாலும் ஜம்ப் செய்து வந்ததில் வற்றிய கெபாசிட்டர் (கப்பலின் மின் சேமிப்பு) போதிய அளவு நிரம்ப வேண்டும், எதிரியின் டேக்கிள் (தப்பவிடாத பிடி) கழன்றிருக்க வேண்டும், வெளியேறுவதற்கு இன்னோர் இடத்தில் சைனோ எரிய வேண்டும். சாதாரண சைனோ அந்த நட்சத்திர மண்டலத்தில் உள்ள எல்லோருடைய ஓவர்வியூ பட்டியலிலும் தெரியும் என்பதால், நாம் வந்த செய்தியை நாமே பறையறைந்து சொன்னது போலாகிறது. பிறகு பகைவர் மட்டுமல்ல, வேடிக்கை பார்க்க வந்த மூன்றாம் தரப்பும் சேர்ந்துகொள்ளும். சிக்கிய ஒரு பெரிய கப்பல் எவ்வளவு கூட்டத்தை இழுக்கும் என்பதற்கு 2013 ஜனவரியில் நடந்த அசகாய் சண்டையே சாட்சி: படைக்குப் பிரிட்ஜ் திறக்க வேண்டிய டைட்டன் (ஆட்டத்தின் மிகப் பெரிய கப்பல் வகை) விமானி தவறான பொத்தானை அழுத்தித் தானே தாவியதில், ஆயிரக்கணக்கானோர் மோதிய போராக அது வளர்ந்தது.

எங்களுக்கு இது உறைத்தது ஒரு ராக்குவல் (சுரங்கத் தொழிலுக்கான கேப்பிட்டல்) வேட்டையில். டிரெட்நாட்களை இறக்கி, சீஜை இயக்கி, முதல் சில அடிகள் விழுந்ததுமே அது பேனிக் மாட்யூலை இயக்கிவிட்டது. சேதமே ஏறாத ஒரு கப்பலை வெறித்துப் பார்த்தபடி நாங்கள் அசையாமல் நிற்க, அதன் கூட்டாளிகள் ஆற அமர வந்து சேர்ந்தார்கள். அன்று இரண்டு டிரெட்நாட்கள் திரும்பவில்லை, ராக்குவல் திரும்பியது.

பாம்பர்களோடு போனபோது இதே நிலை வேறு விதமாக முடிந்தது. பிளாக் ஆப்ஸ் பிரிட்ஜுக்குப் பயன்படும் கோவர்ட் (மறைவு) சைனோ மண்டலம் முழுவதற்கும் தெரிவதில்லை. எதிரி பேனிக்கை இயக்கியதும் ஒரு ரீகான் (உளவுக் கப்பல்) மட்டும் டேக்கிளைத் தொடர, மற்றவர்கள் பறந்து விலகி, க்ளோக் என்னும் மறைப்புக் கருவியை இயக்கிக் காத்திருந்து, மாட்யூல் அணைந்ததும் திரும்பி வந்து டார்பிடோக்களை ஏவினோம். மீட்புப் படை முந்திக்கொண்டு வந்திருந்தால் நாங்கள் கலைந்துபோயிருப்போம், இழப்பு அந்த ரீகானோடு நின்றிருக்கும். இன்னொரு வசதியும் உண்டு: மொபைல் சைனோ இன்ஹிபிட்டரை வைத்தால் 100 கிலோமீட்டர் சுற்றளவில் எதிரி சாதாரண சைனோ ஏற்ற முடியாது, நம் கோவர்ட் சைனோவுக்கோ அந்தத் தடை இல்லை. ஆனால் வைத்த உடனே அது வேலை செய்யாது, தொலைவில் சைனோ ஏற்றி வார்ப் (மண்டலத்துக்குள் அதிவேகப் பயணம்) செய்து வருபவர்களை அது தடுக்கவும் செய்யாது. அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் ஏமாற்றமே.

பாம்பர்களின் குறைகளை மறைப்பது நேர்மையாகாது. அவற்றின் உடல் காகிதம்; கேரியரின் இலகு ஃபைட்டர்கள் குறிவைத்தால் வரிசையாக உதிரும். சூப்பர்கேரியரும் டைட்டனும் வார்ப்பைத் தடுக்கும் சாதாரண டிஸ்ரப்டருக்குக் கட்டுப்படாதவை. அவற்றைப் பிடிக்கப் பயன்படும் ஹெவி இன்டர்டிக்டர் கப்பல் கோவர்ட் பிரிட்ஜ் வழியாக வர முடியாது. அத்தகைய இலக்குகளை நாங்கள் தொட்டதே இல்லை என்பதால், அங்கே எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. எங்கள் அனுபவம் முழுவதும் காவலே இல்லாத நல்செக் பகுதியில் கிடைத்தது. பப்பிள் (சுற்றியுள்ள கப்பல்களின் வார்ப்பைத் தடுக்கும் குமிழி) வேலை செய்யாத, ஓரளவு காவல் உள்ள லோசெக் பகுதியில் கணக்கு மாறக்கூடும்.

டிரெட்நாட்களை நாங்கள் விற்றுவிடவும் இல்லை. இலக்கே சீஜில் நிற்கும் எதிரி டிரெட்நாட் என்றால், அதன் சுற்று எப்போது தொடங்கியது என்பதை ஒற்றர் எண்ணிச் சொல்ல முடிந்தால், அதுவும் நம்மைப் போலவே அசைய முடியாத நிலையில் இருக்கிறது. அந்த ஒரு வேட்டைக்காக மட்டும் எரிபொருள் நிரப்பிய மூன்று டிரெட்நாட்கள் எங்கள் தளத்தில் இன்னும் காத்திருக்கின்றன.