கண்ணாடி மின்னடுப்பைத் துடைப்பது: நான்கு வருட அனுபவம்

எங்கள் அடுப்பின் பின்பக்க இடது வளையத்தின் ஓரத்தில் அரிசி அளவில் ஒரு பள்ளம் இருக்கிறது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நகத்தை ஓட்டினால் தடுக்கும். அடுப்பு வந்த முதல் மாதமே விழுந்த பள்ளம் அது. 2021 தீபாவளிக்குச் சில வாரம் முன்பு வாங்கினோம். தீபாவளியன்று பாயசம் பொங்கி வழிந்தது. வீடு நிறைய ஆட்கள். ஆறினதும் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இரவு போய்ப் பார்த்தால் சீனிப்பாகு கல் மாதிரி இறுகிக் கிடந்தது. பெயர்த்து எடுத்தபோது கூடவே கண்ணாடியிலும் ஒரு சில்லு வந்துவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. சீனி சூட்டில் உருகிக் கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆறும்போது பாகு சுருங்கும். இந்தக் கண்ணாடியோ சூட்டுக்கு விரிவதும் இல்லை, ஆறினால் சுருங்குவதும் இல்லை என்றே சொல்லலாம். சுருங்குகிற பாகு கண்ணாடியின் மேல்தோலைப் பிடித்து இழுக்கிறது. அதனால்தான் இந்த அடுப்பு வைத்திருக்கிற யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மற்ற சமையல் கறை எல்லாம் ஆறும் வரை காத்திருக்கலாம், சீனி மட்டும் காத்திருக்காது.

நாங்கள் இருப்பது மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில். சுற்றிலும் தோட்டங்கள், அத்தை தன் முப்பது வருடத்தை அந்தத் தோட்டங்களில் ஒன்றில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுத்துக் கழித்தவர். லயத்து வீட்டில் (தோட்டத்து வரிசை வீட்டில்) விறகு, அப்புறம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்ததும் கேஸ். இரண்டு முறை கேஸை மூட மறந்துவிட்டார். இரண்டாவது முறை நான் வேலை முடிந்து கதவைத் திறந்ததுமே வாடை அடித்தது. அந்த வாரமே ஈப்போவுக்குப் போய் இரண்டு வளையம் உள்ள இந்த மின்னடுப்பை வாங்கி வந்தோம்.

வந்த புதிதில் அத்தை அதன் பக்கத்திலேயே போகவில்லை. "கண்ணாடிமேல சட்டிய வச்சா வெடிக்காதா?" என்று இரண்டடி தள்ளியே நின்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. சாதாரணக் கண்ணாடி என்றால் வெடிக்கத்தான் செய்யும். இது கண்ணாடிப் பீங்கான். 1953-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் ஸ்டூக்கி என்ற விஞ்ஞானி ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடாக்கப் போக, உலை கோளாறாகி 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. உருகியிருக்க வேண்டிய துண்டு வெள்ளையாக மாறி அப்படியே நின்றது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. அந்த வழியில் வந்த பொருள்தான் பிறகு அடுப்பின் மேல்தட்டானது. ஜெர்மனியின் ஷோட் நிறுவனம் தன் மேல்தட்டைக் கொண்டுவந்தது 1971-இல். இதை அத்தைக்குச் சொல்லிவிட்டு, பழுக்கச் சிவந்திருந்த வளையத்தில் ஒரு கரண்டி பச்சைத் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். சுர்ரென்று ஆவியானது, ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம்தான் கிட்டே வந்தார். (நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம், ஆவி கையைச் சுட்டுவிடும்.)

சூட்டுக்கு உடையாது என்பதால் எதற்குமே உடையாது என்று நினைத்துவிடக் கூடாது. மேல் அலமாரியிலிருந்து ஒரு ஊறுகாய் ஜாடி முனையால் விழுந்தால் போதும். விரிசல் விட்டால் அந்த நிமிடமே மெயினில் அணைத்துவிடுங்கள். கீழே இருப்பது மின்சாரம் ஓடும் கம்பிச்சுருள். விரிசல் வழியாகத் தண்ணீரோ ரசமோ இறங்கினால் ஆபத்து. எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே இருந்த அலமாரியை முழுக்கக் காலி செய்துவிட்டேன்.

சரி, துடைப்பதற்கு வருவோம்.

நம் சமையலில் தினமும் வருவது தாளிப்புதான். கடுகு வெடித்துத் தெறிக்கும் எண்ணெய்த் துளிகள் பார்வைக்கு ஒன்றுமில்லாதவை. துடைக்காமல் மறுநாள் அதன்மேலேயே சட்டியை வைத்துச் சூடாக்கினால் அவை பழுப்பாகும், மூன்றாம் நாள் கறுப்பாகும், ஒரு வாரத்தில் சட்டியின் அடி வட்டம் அச்சடித்த மாதிரி நின்றுவிடும். ஆகவே ராத்திரி வேலை முடிந்து, சூடு இருப்பதைக் காட்டும் சின்னச் சிவப்பு விளக்கு அணைந்த பிறகு, ஒரு சொட்டு பாத்திர சோப்பு போட்ட ஈரத்துணியால் ஒரு துடைப்பு, வெறும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. இரண்டாவது துடைப்பை விட்டுவிட்டால் சோப்பு மறுநாள் சூட்டில் வெந்து வெள்ளைப் படலமாகும். அப்படிப் படிந்துவிட்டால், ஆறிய கண்ணாடியில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு தண்ணீரால் துடைத்தால் போய்விடும். இந்தத் தினசரிப் பழக்கத்தால் கரப்பான் பூச்சித் தொல்லை குறைந்தது எனக்குக் கிடைத்த கூடுதல் நிம்மதி.

சனிக்கிழமை கொஞ்சம் பெரிய வேலை. கறை உள்ள இடத்தில் ஆப்பச் சோடாவைத் தூவி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன்மேல் கால்மணி நேரம் போர்த்தி வைப்பேன். துணியை எடுத்து அதனாலேயே வட்டமாகத் தேய்த்தால் முக்கால்வாசி வந்துவிடும். மீதிக்குப் பிளேடு.

பிளேடைச் சொன்னால் பலர் பயப்படுகிறார்கள். நானும் ஆரம்பத்தில் அதை எடுக்கத் துணியாமல் கம்பி நாரைப் பிடித்துக்கொண்டேன். முன் வளையத்தில் இன்றும் தெரிகிற மெல்லிய கீறல்கள் அந்தக் கம்பி நார் போட்டவை. பிளேடு அதில் ஒரு கீறல்கூடப் போட்டதில்லை. இரும்பு சாமான் கடையில் சுவரில் ஒட்டிய பெயின்டைச் சுரண்ட விற்பார்களே, பிடியுடன் கூடிய பிளேடு, அதுதான். சில ரிங்கிட்தான். பிடி இல்லாமல் வெறும் பிளேடை விரலில் பிடிக்காதீர்கள்.

இதில் எனக்குக் குரு அத்தைதான். நான் பிளேடைச் செங்குத்தாக நிறுத்திச் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "அப்படி இல்லம்மா, இப்படிக் கொடு" என்று வாங்கினார். பிளேடைக் கண்ணாடிமேல் ஏறக்குறையப் படுக்க வைத்தார். முனை குத்தாமல் விளிம்பு முழுவதும் படிந்திருந்தது. மெதுவாகத் தள்ளினார். கறுப்பு ஏடு ஒன்று சுருண்டு எழுந்து வந்தது. "பட்டையத்தான் சீவணும், மரத்துல படக்கூடாது. மரத்துல காயம் பட்டா அந்த இடம் முண்டு கட்டிரும், அப்புறம் பாலே வராது" என்றார். விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு உளியால் பட்டையை மெல்லிசாகச் சீவிய கை அது. நான் அந்தக் கையைப் பார்த்தேதான் பழகினேன். படுக்கை வாக்கில், ஒரே திசையில், அழுத்தாமல். பிளேடில் துருப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் மாற்றிவிடுகிறேன்.

சீனி வழிந்தால் செய்ய வேண்டியதும் இந்தப் பிளேடால்தான். சட்டியை உடனே எடுத்துவிட்டு, சூட்டை மிகக் குறைவுக்குக் கொண்டுவந்து, கனமான கையுறை மாட்டிக்கொண்டு, பாகு இளகி இருக்கும்போதே சூடில்லாத பக்கமாக வழித்துத் தள்ளிவிட வேண்டும். முழுக்க வந்த பிறகு அணைத்து, ஆறவிட்டுத் துடைக்கலாம். பாயசம், குலா மெலாக்கா (தென்னைவெல்லம்) பாகு, ஜாம், சீனி போட்ட பால் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். பொங்கலைப் பொங்கி வழியத்தானே விட வேண்டும். அதனால் தைப்பொங்கலுக்கு வாசலில் மூன்று செங்கல் வைத்து விறகில்தான் வைக்கிறோம். அத்தைக்கு அதில் தனி சந்தோஷம்.

சாம்பல் நிறக் கோடுகளைக் கண்டு கீறல் என்று கலங்காதீர்கள். அலுமினியச் சட்டியை இழுத்தால் அலுமினியம் கண்ணாடியில் ஒட்டி அப்படித் தெரியும். இந்த அடுப்புக்கென்றே விற்கும் களிம்பைத் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்தால் மங்கும். தேய்க்காமலே திரும்பத் திரும்பச் சூடாக்கினால் நிலைத்துவிடும். சட்டியை இழுக்காமல் தூக்கி வைப்பதும், வைக்கும் முன் அதன் அடியை ஒருமுறை துடைப்பதும் பாதி வேலையைக் குறைக்கும். அடியில் ஒட்டிய ஒரு மணல்துகள் போதும் கீறுவதற்கு. பிளீச், சன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் அம்மோனியா கலந்த மருந்து, பச்சை நார், தேய்ப்புத் தூள் இவற்றை அடுப்புப் பக்கமே கொண்டுபோவதில்லை.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: அடி உருண்ட குவாலி (வாணலி) இதில் சரிப்படாது, தட்டையான அடி வேண்டும். புயல் மழையில் மின்சாரம் போனால் சமையலும் நின்றுவிடும் என்பதால் ஒரு கேஸ் தோங்கையும் (சிலிண்டர்) பின்கட்டில் வைத்திருக்கிறோம். 14 கிலோ 26 ரிங்கிட் 60 சென், நான் வீட்டில் இருக்கும்போது மட்டும் திறப்பேன். துடைக்கிற வேலையே குறைய வேண்டும் என்றால் இன்டக்‌ஷன் அடுப்பைப் பாருங்கள். அதில் சட்டிதான் சூடாகும், கண்ணாடிக்குச் சட்டியின் சூடு மட்டுமே ஏறும், வழிந்தது அவ்வளவு கருகாது. ஆனால் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும். அத்தையின் அலுமினியச் சட்டிகளில் ஒன்றில்கூடக் காந்தம் ஒட்டவில்லை. அவற்றைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போன சனிக்கிழமை புதுப் பிளேடு போட்டோம். அத்தைக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல். சீவி முடித்து விரலால் தடவிப் பார்த்தார். பள்ளத்தின்மேல் விரல் வந்ததும் நின்று, "இது அந்தப் பாயசம்" என்றார்.